ஒருவர் போதும் என்று சொன்னது யார்

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. இந்த முறை முதலில் கூப்பிட்டவர் ஜெயந்தி. நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் தேர்தல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இளநிலை உதவியாளராக வந்து சேர்ந்தவர். இப்போது நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் துணை வட்டாட்சியராக உட்கார்ந்திருக்கிறார்.

"சார், ஒரு டவுட்டு. பக்கத்து ஸ்டேட் கட்சி ஒண்ணு நம்ம தொகுதியில ஆள் நிறுத்தறாங்க. அவங்க சின்னத்துலயே நிக்கலாம்னு கமிஷன் லெட்டர் குடுத்திருக்கு. முன்மொழியறவங்க ஒருத்தரா, பத்துப் பேரா?"

"பத்து."

"புக்கைப் பார்க்காமலே சொல்றீங்க?"

"பார்த்துட்டேன்மா. ரொம்ப வருஷம் முன்னாடியே பார்த்துட்டேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கைப்பேசியை வைப்பதற்கு முன், எங்கள் வருவாய்த் துறைச் சங்க மலருக்கு இந்த வருடமாவது அனுபவக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாலு வருடமாகக் கேட்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பத்துதான். அதை விட்டுவிட்டு மற்றதை எழுத மனம் ஒப்பவில்லை. அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் காட்டூரில் பிறந்தவன். ஏரி எங்கள் வயலிலிருந்து எட்டிவிடும் தூரம்தான், ஆனால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு ஏரி என்றால் மீன்காரம்மாவின் கூடையில் வருவதுதான். தேர்வு எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்தேன். பட்டா, வெள்ள நிவாரணம், குடும்ப அட்டை, சாதிச் சான்று என்று எல்லா மேசையிலும் உட்காரவைத்தார்கள். கடைசியில் தேர்தல் பிரிவில் போட்டார்கள். அங்கேயே தங்கிவிட்டேன். வட்டத் தலைநகரில் வாடகைக்குக் குடியிருந்தேன். என் வாக்கும் அந்தத் தொகுதியில்தான் இருந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

மேடையில் பேசுகிறவர்கள் தேசியக் கட்சிக்கும் மாநிலக் கட்சிக்கும் வித்தியாசம் கொள்கையில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். எங்கள் மேசைக்கு அது காகிதமாகத்தான் வரும். தேசியக் கட்சி என்றால், இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சித் தலைமை தரும் படிவம் டில்லி முத்திரையோடு வரும். கொண்டுவருகிறவர் பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர். உறைக்குள் உறை, அதற்குள் இன்னொரு உறை இருக்கும். வேட்பாளர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை நிச்சயம் இருக்கும், ஏனென்றால் தட்டச்சு செய்தவர் அப்படி ஒரு பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார். மாநிலக் கட்சியில் பெயர் பிழையாக இருக்காது. கொண்டுவரும் ஒன்றியச் செயலாளருக்கு வேட்பாளரின் தாத்தா பெயரும் தெரியும், எங்கள் காவலாளி மகளின் கல்யாணம் எந்த மண்டபத்தில் என்பதும் தெரியும். ஆனால் படிவத்தைக் கசக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்.

ஏரிக்கரைக்குப் பிரச்சாரத்துக்கு வந்தாலும் அப்படித்தான். டில்லிக் கட்சிக்காரர் நாட்டின் கடலோரம் முழுவதையும் பற்றிப் பேசுவார். மாநிலக் கட்சிக்காரர் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்குப் படகில் போய், அங்கே வேண்டிய பாலத்தைப் பற்றிப் பேசுவார். இதில் எது உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். நடுநிலை எனக்குச் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்ட பழக்கம், ஓய்வூதியத்திலும் விடவில்லை.

சட்டத்தின் கண்ணில் இரண்டும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள். வேட்புமனுவில் பகுதி ஒன்று அவர்களுக்கு. தொகுதி வாக்காளர் ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சின்னம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். மற்றவர்கள் எல்லோருக்கும் பகுதி இரண்டு. அதில் பத்து வரிசைக் கட்டம் இருக்கும், பத்து வாக்காளர்கள் கையெழுத்திட வேண்டும். ஒரு முறை ஒரு தேசியக் கட்சி வேட்பாளர், வாக்குச் சீட்டில் தேசியக் கட்சிகளின் பெயர்தான் முதலில் வர வேண்டும், மாநிலத்தைவிட நாடு பெரியதில்லையா என்று சண்டைக்கு வந்தார். எங்கள் தேர்தல் நடத்தும் அலுவலர் எஸ்தர் மேடம், "உங்க பேரு வகரத்துல ஆரம்பிக்குது. அவர் பேரு அகரத்துல ஆரம்பிக்குது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். மேடம் ராயபுரத்துக்காரர். இன்னா என்பதை அவர் கோப்பில் மட்டும்தான் விட்டிருந்தார்.

ஆக, வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். தேசியக் கட்சியின் அங்கீகாரம் எல்லா மாநிலத்திலும் செல்லும். மாநிலக் கட்சியின் அங்கீகாரம் அந்த மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடும். மற்ற வட்டங்களில் இது புத்தகத்தில் கிடக்கும் ஒரு வரி. எங்கள் வட்டத்தில் அந்த எல்லை ஏரித் தண்ணீருக்குள் ஓடியது. எளாவூரில் சாலை மேல் சோதனைச் சாவடி இருக்கிறது, தடுப்புக் கட்டை இருக்கிறது. தண்ணீருக்கு மேல் அப்படி எதுவும் இல்லை.

எஸ்தர் மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனு வாங்கும் வாரம் தொடங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வானொலி நேரத்துக்குத் திருத்தி, வாசலுக்கு நேராக மாட்டுவது. உள்ளே வருகிற எவரும் நேரம் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது. கட்சிப் படிவத்தில் கையெழுத்து மையால் போட்டதுதானா, அச்சா என்று பார்க்க, தாளைத் திருப்பி முதுகுப் பக்கத்தை விரலால் தடவுவார். பேனா அழுத்திய தடம் அவர் விரலுக்குத் தெரியும். ஒரு பெரிய கட்சியின் படிவத்தை அப்படித் தடவிவிட்டு, "இது கையெழுத்தில்ல, படம். அசலைக் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மனு கொடுக்கிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார். எங்களிடமும் அதையே சொல்வார்: "மூஞ்சியைப் பார்க்காதீங்க, பக்கத்தைப் பாருங்க." எந்த மனுவையும் 'தள்ளுபடி' என்று முதலில் சொல்லமாட்டார். காரணத்தை முழுவதும் வாசித்து, எதிரே இருப்பவர் தலையசைத்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்வார்.

தேசப்பன் என்பவர் வந்தது ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது. மனுத் தாக்கல் தொடங்கிய இரண்டாம் நாள். நான் வாசலில் உதவி மேசையில் இருந்தேன். எளாவூருக்குக் கிழக்கே ஏரிக்குள் மேடாக இருக்கும் ஒரு குப்பம் அவர் ஊர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையில் பெட்டி மடிப்பு கலையவில்லை. கட்சிப் பெயரையும் சின்னத்தையும் சொன்னார். சின்னத்தை நான் இங்கே சொன்னால் கட்சி தெரிந்துவிடும். ஏரிக்கு அந்தப் பக்கம் சுவருக்குச் சுவர் இருந்த சின்னம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"பேர்லயே தேசத்தை வச்சிக்கிட்டு மாநிலக் கட்சியில நிக்கறீங்களே" என்று கேலியாகச் சொன்னேன்.

"தேசம் எங்க சார் எங்க ஊருக்கு வருது. அந்தக் கட்சி வருது" என்றார்.

ஏன் நிற்கிறார் என்பதை அவரே சொன்னார். அவர் தம்பி எல்லை தெரியாமல் அந்தப் பக்கம் போய் வலை வீசிவிட்டார். அங்கே உள்ள ஊர்க்காரர்கள் படகையும் வலையையும் பிடித்துவைத்துக்கொண்டார்கள். மூன்று மாதமாகத் தம்பி வேலையில்லாமல் இருந்தார். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

"டில்லிக் கட்சியாண்ட போனா, மனு குடுன்றான். இங்க கீற கட்சியாண்ட போனா, அது அடுத்த ஸ்டேட்டு, எங்க கையில இல்லன்றான். அந்தக் கட்சிதான் அங்க பெரிய கட்சி. அந்தச் சின்னத்துல இங்க ஒருத்தன் நின்னான்னா, ஜெயிக்க வேணாம் சார், நின்னா போதும். அவங்க ஊர்ப் பஞ்சாயத்துல எனக்கு ஒரு பாய் போடுவாங்க. உக்காந்து பேசிப் படகை வாங்கியாந்துடுவேன்."

அவர் கையில் ஆணையத்தின் கடித நகல் இருந்தது. அந்தக் கட்சி தன் சின்னத்தை எங்கள் மாநிலத்திலும் பயன்படுத்த அனுமதி. நான் அதைப் படித்தேன். சின்னமே கொடுத்துவிட்டார்கள், பிறகென்ன என்று நினைத்தேன். சின்னம் வேறு, அங்கீகாரம் வேறு. விதிப் புத்தகம் இடது கைப் பக்கத்திலேயே இருந்தது. பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவருக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'பகுதி 1. முன்மொழிபவர் ஒருவர் போதும். கட்சிப் படிவம் அசல். கடைசி நாள் மூன்று மணி.'

"எங்க நைனா முன்மொழியலாமா?" என்று கேட்டார்.

"வோட்டு இந்தத் தொகுதியிலதானே? தாராளமா."

அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள், இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு வந்தார். கட்சிப் படிவத்தின் அசல் அன்று காலையில்தான் அந்தப் பக்கத்திலிருந்து படகில் வந்ததாம். கூடவே அவர் அப்பா. எண்பதை ஒட்டிய வயது, தோளில் புதுத் துண்டு. முன்மொழிபவர் கட்டத்தில் அவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் உள்ளே மேடத்துக்குப் பக்கத்து மேசையில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன்.

மேடம் கட்சிப் படிவத்தைத் திருப்பி விரலால் தடவினார். சரியாக இருந்தது. மனுவைப் புரட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"பகுதி ஒண்ணுல நிரப்பியிருக்கீங்க. உங்க கட்சிக்கு அங்கீகாரம் அந்த மாநிலத்துலதான். இங்க பகுதி ரெண்டு. பத்துப் பேர் முன்மொழியணும்."

தேசப்பன் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார் மேடம். "பெரியவர் பேரையும் சேர்த்துப் பத்து. எல்லாரும் இந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும். ரேகை வைக்கிறவங்க என் கண் முன்னாடி வைக்கணும். ஓடுங்க." வாசலில் இருந்த காவல் உதவி ஆய்வாளரிடம், நாலு நாலு பேராக உள்ளே விடச் சொன்னார். வேட்பாளரோடு நாலு பேருக்கு மேல் அறைக்குள் வரக் கூடாது என்பது விதி.

அந்த இருபது நிமிடத்தில் நான் செய்த வேலையை வேறு எந்த நாளிலும் செய்ததில்லை. படகில் கூட வந்தவர்கள் நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். தம்பி, இரண்டு பங்காளிகள், மச்சான் பாலய்யா. நால்வரும் வந்தார்கள். பெயர் சொல்லச் சொல்ல நான் பட்டியலில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தேடிக் கொடுத்தேன். அடுத்து தேசப்பன் பேருந்து நிலையத்துக்கு ஓடி, இறால் விற்றுக்கொண்டிருந்த மூன்று பெண்களைக் கூடையோடு அழைத்து வந்தார். ஏரியில் மண்டியிட்டுக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். மேடம் மைப் பெட்டியைத் தள்ளிவைத்தார். அவர்களில் மூத்தவர் கட்டைவிரலை அழுத்தி எடுத்தபோது தாளில் ஒரு கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ரேகையே இல்லை. சேறும் இறால் முள்ளும் தேய்த்துவிட்டிருந்தன.

"ரேகை எங்கம்மா?" என்றார் மேடம்.

"ஏரிக்குள்ள கீது. போய்த் தேடினாத்தான் உண்டு" என்றார் அந்த அம்மா.

மேடம் அன்று முதல் முறையாக ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வாக்காளர் அட்டையை வாங்கிச் சரிபார்த்து, இது இன்னாருடைய குறி என்று தன் கையால் எழுதிச் சான்றொப்பம் போட்டார். அதற்குப் பிறகு சைக்கிள் கடைக்காரர் ஒருவர், டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். பெரியவரையும் சேர்த்துப் பத்து. ஆனால் பாலய்யாவின் பெயர் மட்டும் என் பட்டியலில் கிடைக்கவில்லை. அவருடைய அட்டையில் இருந்த எண்களைத் தேசப்பனே கடைசியாக, பத்தாவது கட்டத்தில் எழுதினார். எழுதும்போதே பார்த்தேன். அந்தப் பாகம் எண் எங்கள் தொகுதியில் கிடையாது. பாலய்யாவின் வாக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. வெளியே ஓடிப்போய் இன்னொருவரைக் கூட்டிவர நேரமில்லை. அந்த அறையிலேயே தொகுதியில் வாக்கு உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பாகம் எண், வரிசை எண் எல்லாம் மனப்பாடம். அவன் தேர்தல் பணியில் இருக்கும் அரசு ஊழியன், முன்மொழியக் கூடாது. பாலய்யாவின் எண் இந்தத் தொகுதி இல்லை என்று வாய் திறந்து சொல்லவும் அவனுக்கு வரவில்லை.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் பரிசீலனை. ஒவ்வொரு மனுவாக எடுத்து, ஆட்சேபனை உண்டா என்று மேடம் கேட்பார். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. தேசப்பனின் மனு வந்ததும் ஒரு கட்சியின் முகவர் எழுந்து, பத்தாவது முன்மொழிபவர் இந்தத் தொகுதி வாக்காளர் இல்லை என்றார். மேடம் என்னிடமிருந்து பட்டியலை வாங்கி அவரே தேடினார். நிதானமாகத் தேடினார்.

"பாலய்யா யாரு?"

"எங்க வூட்ல பொண்ணு எடுத்தவன் மேடம். வருஷம் பூரா எங்க வலையிலதான் வேலை செய்யறான்."

"வோட்டு எங்க?"

"அந்தப் பக்கம்."

மேடம் பேனாவை மேசையில் வைத்தார். "முன்மொழியறவங்க எண்ணிக்கையில குறைன்னா, மூணு மணிக்கு அப்புறம் அதைச் சரிபண்ண எனக்கு அதிகாரம் இல்லை. உங்க கட்சி அங்க பெரிய கட்சிதான். ஆனா இங்க..."

"புரியுது மேடம்" என்றார் தேசப்பன். "பாடு மாதிரி."

"பாடுன்னா?"

"ஏரில எந்த எடத்துல எந்த ஊர்க்காரன், என்னிக்கு வலை வுடணும்னு சீட்டு எடுத்து மொறை வச்சிகிறோம். அதான் பாடு. எங்க பாட்டுல நான் தலைக்கட்டு, எனக்குப் பங்கு உண்டு. பக்கத்து ஊரு பாட்டுல நான் யாரோ. அங்க வலை வுடணும்னா அந்த ஊர்ல பத்துப் பேராண்ட கேட்டுத்தான் வுடணும்."

தேசப்பன் அறையில் இருந்த வழக்கறிஞர்கள் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி மேடத்திடம் கேட்டார்.

"அப்ப டில்லிக் கட்சி மட்டும் எல்லாப் பாட்டுலயும் வலை வுடுதே மேடம், அது எப்படி?"

"அவங்க நாலு மாநிலத்துல பாடு வாங்கினவங்க. நாலு எடத்துல வாங்கிட்டா எல்லா எடத்துலயும் செல்லும்னு விதி."

"செரி" என்றார் தேசப்பன். "மொறைன்னா மொறைதான்."

முப்பது வருடத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். தேசியக் கட்சி, மாநிலக் கட்சி என்ற இரண்டையும் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைச் சொன்னவர் அந்த விதியாலேயே தோற்றுக்கொண்டிருந்தார்.

மேடம் தள்ளுபடி என்ற வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. குறிப்பேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "நேத்து பகுதி ஒண்ணுல நிரப்பிக் கொண்டுவந்தீங்க. ஒருத்தர் போதும்னு உங்களுக்கு யார் சொன்னது? இந்த ஆபீஸ்ல யாராவது சொல்லியிருந்தா சொல்லுங்க. முடிவு மாறாது. ஆனா பதிவு பண்றேன்."

தேசப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது. அதே வெள்ளைச் சட்டை. நாலாக மடித்த தாளின் ஓரம் துணிக்குள் கட்டமாகத் தெரிந்தது.  வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், தேர்தல் பணியில் தவறு என்றால் அன்றே தற்காலிகப் பணிநீக்கம், இவைதான் எனக்குத் தோன்றின. அவர் தம்பியின் படகு தோன்றவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றவில்லை.

அவர் பையின் மேல் கையை வைத்தபடியே சொன்னார்: "யாரும் சொல்லல மேடம். அந்தப் பக்கம் பெரிய கட்சியாச்சே, ஒருத்தர் போதும்னு நானே நெனச்சிகினேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க."

எழுதினேன். 'ஒரு முன்மொழிபவர் போதும் எனத் தாமாகவே கருதியதாக வேட்பாளர் தெரிவித்தார்.' என் கையாலேயே எழுதினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் துண்டை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். 

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா இன்னா ஆவப் போவுது? உனக்கு வேலை போவும். எனக்குச் சின்னம் வராது." பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் கையில் வைத்தார். "இத நீயே வச்சிக்க சார். எங்க வூட்ல இருந்தா தம்பி பார்த்துகினே இருப்பான்."

மன்னித்துவிடுங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. பெரியவர் தெலுங்கில் மகனிடம் ஏதோ கேட்டார். மகன் இல்லை என்று தலையாட்டினார். பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

படகு எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. இஞ்சின் இல்லை, வலை இல்லை. வெயிலில் கிடந்து பலகை இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதற்குள் தம்பி ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போய்விட்டார், திரும்பி ஏரிக்கு வரவில்லை. இதைத் தேசப்பன் எனக்குச் சொல்லவில்லை. சாதிச் சான்றுக்கு வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் அந்தச் சின்னத்தில் நின்றிருந்தால் மட்டும் படகு முன்பே வந்திருக்குமா என்று எனக்கு நானே பல முறை வாதாடிப் பார்த்திருக்கிறேன். வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

தேர்தல் முடிந்து எஸ்தர் மேடத்துக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "தேசப்பன் குறிப்புல கடைசி வரி உங்க கையெழுத்து மாதிரியே இல்ல."

"அவசரத்துல எழுதினது மேடம்."

"அன்னிக்கு அவசரம் இல்லையே" என்றார். பேனாவை மூடினார்.  நான் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். உதவி மேசையில் யாருக்கு எந்தக் குறிப்பு எழுதிக் கொடுத்தாலும், கீழே என் முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எனக்குக் கீழே வந்தவர்களையும் அப்படியே செய்ய வைத்தேன். ஜெயந்தி இன்றும் செய்கிறார். அது ஆணைய விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது, ஜெயந்தி.

இதை எழுதுவதற்கு முன் தேசப்பனைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று போன வாரம் அவர் ஊருக்குப் போனேன். எளாவூர் தாண்டி வேனில், பிறகு படகில். படகுத்துறைக் கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலை முழுவதும் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மேடம் கீறாங்களா?"

"இல்ல. இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப யாருக்கு எழுதற?"

 அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"எழுதிக்க சார். எங்க நைனா தெலுங்குல கையெழுத்து போட்டாரே, அத்தையும் எழுது. அந்த மனுவுல பழுது இல்லாத கையெழுத்துன்னா மொதல்ல அதான்."

எழுதிவிட்டேன். அந்தத் துண்டுத் தாள் இப்போது இந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் மேசை மேல் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்துவிட்டது, மை மட்டும் அப்படியே இருக்கிறது. நடவடிக்கைக் குறிப்பைத் திருத்த எனக்கு இனி அதிகாரம் இல்லை. அன்று அறையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். மேடம், ஒருவர் போதும் என்று சொன்னது நான்.